வழியும் காவலும்

அரசு என்ற ஒன்றே இல்லாத சமுதாயத்தில் சாலைகளை யார் அமைப்பர்? யார் காப்பர்? அமெரிக்கப் பொருளியலறிஞர் முர்ரே ராத்பார்ட் 1973-இல் வெளியிட்ட நூலொன்றில், சாலைகள் அனைத்தும் தனியார் உடைமையாகலாம் என்று வாதிட்டார். தம் சாலையில் செல்வோரின் பாதுகாப்பை உடைமையாளரே பேணுவர் என்றும், வாடிக்கையாளரை இழக்க நேருமே என்ற அச்சம் அவர்களை நேர்மையாக நடக்கச் செய்யும் என்றும் அவர் கருதினார். கேட்போர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். தூத்துக்குடியையும் அதன் பின்னிலத்தையும் சார்ந்த நமக்கோ முற்றிலும் புதிதன்று. இதில் ஒரு பாதியை நம் முன்னோர் வாழ்ந்தே பார்த்திருக்கின்றனர்.

காவல் என்னும் உடன்பாடு

கொற்கையிலும் காயலிலும் முத்துக் குவிந்த காலந்தொட்டே இக்கரையின் செல்வம் கரையோடு நின்றதில்லை. பொதிமாட்டிலும் வண்டியிலும் ஏறி உள்நாடு சென்றது. அவ்வழிகளைக் காக்கும் பொறுப்பு எப்போதும் வேந்தன் கையிலேயே இருந்ததென்று எண்ணுதல் பிழை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுவினர் தம் சொந்த வீரர்களையே துணைக்கு வைத்துக்கொண்டனர்.

மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிவுற்றபின், திருநெல்வேலிச் சீமையில் வலிய அரசு எதுவும் நெடுங்காலம் நிலைபெறவில்லை. ஆர்க்காட்டு நவாபு உரிமை கொண்டாடினார். கும்பினியார் அவர் பெயரால் படை நடத்தினர். கரையில் தூத்துக்குடி டச்சுக்காரர் வசம் இருந்தது. இத்தனைக்கும் நடுவே வண்டிகள் ஓடின, சந்தைகள் கூடின. காரணம், காவல் என்னும் பழைய ஏற்பாடு.

ஓர் ஊரைக் காப்பது தலக்காவல். பல ஊர்களையும் இடைப்பட்ட வழிகளையும் காப்பது தேசகாவல். காவற்காரருக்கு ஊரார் தானியமாகவும் பணமாகவும் கூலி தந்தனர். அதற்கு ஈடாக, களவு போன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டும். இழப்புக்கு ஈடு செய்யும் இக்கடமையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. திருடனைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் காலங்கடத்த அங்கு இடமில்லை.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பாளையக்காரர்கள் தேசகாவலைத் தம் எல்லைக்கு அப்பாலுள்ள சர்க்கார் ஊர்களுக்கும் விரித்துக்கொண்டே சென்றனர். கூலி ஏறிற்று, கூலி தர மறுத்த ஊரில் களவும் ஏறிற்று. காப்பவரே கவர்பவராகவும் மாறக்கூடும் என்ற அச்சம் ஊராரை ஆட்டிப்படைத்தது. 1799-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் லஷிங்டன் எழுதிய அறிக்கைகளும், 1881-இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் இக்கொடுமைகளை விரித்துரைக்கின்றன. பாளையங்களை ஒடுக்க விரும்பியவரின் எழுத்து என்பதை மனத்திற்கொண்டே லஷிங்டனைப் படிக்கவேண்டும். எனினும் அடிப்படைக் குறை தெளிவு: ஊரார் ஒரு காவற்காரரை விட்டு வேறொருவரை நாடும் வழி அடைபட்டுவிட்டது. ஈடு கேட்கும் உரிமை ஏட்டில் இருந்தும், கேட்கும் துணிவு இல்லாது போயிற்று.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த அறிவிக்கை பாளையக்காரரின் படைக்கலங்களைப் பறித்தது. காவல் கும்பினியின் பொறுப்பாயிற்று, வரி தொடர்ந்தது. ஆனால் களவு போன பொருளுக்குக் கும்பினி ஈடு தரவில்லை. கொடுங்கோன்மை ஒன்று நீங்கிற்று. அதனுடன் நல்ல நெறி ஒன்றும் நீங்கிற்று.

கொடையால் எழுந்த பாலம்

கூலி வாங்கிக் காப்பது ஒரு முறை. அறமாகக் கட்டிக் கொடுப்பது மற்றொரு முறை. இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலைகளும், செல்வர்கள் எழுப்பிய சத்திரங்களும், சுமைதாங்கிக் கற்களும் இவ்வகையின. இவற்றுள் தலையாயது திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரவருணியைக் கடக்கும் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், ஏறத்தாழ அரை லட்சம் ரூபாயைத் தம் பொருளிலிருந்தே தந்து 1843-இல் அதை எழுப்பினார். பதினொரு வளைவுகள் கொண்ட அப்பாலம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் 1869-இல் பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றபோது, 1871-இல் அதைச் சீர்செய்தது அரசாங்கம். கொடை கட்டித் தரும். தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்க்க அதனால் எளிதில் இயலாது. வள்ளலின் கை ஒருமுறை நீள்வது. சாலையோ நாள்தோறும் தேய்வது.

உடைமையாளர் இல்லாப் பெருவழி

முத்துச் சலாபத்தில் கடலடிக்கு உரிமையாளர் உண்டு. மூழ்குவோரின் கல்லைக் கணக்கிட்டு ஆண்டோர் உரிமை பேசினர். ஆனால் கடலின் மேற்பரப்பாகிய வழிக்கு எவரும் உரிமையாளர் அல்லர். அங்கே போட்டி இயல்பாக நிகழவேண்டும் அன்றோ? 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தபோது அந்தச் சோதனை நிகழ்ந்தது. பங்கு ஒன்று 25 ரூபாய். முதல் 10 லட்சம். தூத்துக்குடி-கொழும்பு வழியில் அதுவரை கோலோச்சிய வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிகள் வாடகைக்கு அமர்த்திய கப்பல்களை விலகச் செய்தது. சங்கம் சொந்தமாகக் கப்பல்கள் வாங்கியது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

சந்தையில் தோற்றதாக மட்டும் இதைச் சொல்ல முடியாது. ஒரு போட்டியாளரின் பின்னால் அரசின் சிறைச்சாலையும் நின்றது. திறந்த வழியும் நடுநிலையான நீதி இல்லையேல் திறந்ததாக நிலைக்காது.

நிறைவாக

தூத்துக்குடி-திருநெல்வேலி நாற்கரச் சாலையில் நாம் சுங்கம் செலுத்திச் செல்கிறோம். அச்சாலையில் வல்லநாட்டுப் பாலத்தின் மேற்தளம் திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே உடைந்து, வண்டிகள் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சென்ற நாள்களை அன்பர்கள் அறிவர். அன்று நம் இழப்புக்கு ஈடு தந்தவர் எவர்?

சாலை அரசுடையதா, தனியாருடையதா என்பது இரண்டாம் வினா. கூலி வாங்குபவர் இழப்பை ஏற்கிறாரா, அவர் தவறினால் நாம் செல்ல மாற்றுவழி உண்டா என்பவையே முதல் வினாக்கள். பழைய காவல் முறை முதல் வினாவுக்கு விடை கண்டது, இரண்டாவதில் வீழ்ந்தது. இன்றைய சுங்கச்சாவடி இரண்டுக்கும் விடை சொல்லவில்லை. கூலி வாங்கினால் ஈடு தரவேண்டும் என்ற அந்தப் பழைய நெறியைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு என்பதை, இக்கரையின் வரலாறு படித்த நாமாவது மறவாதிருப்போம்.