வேட்டைக்கு முந்திய காடு

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் செல்லும் வீதியிலே, முள்ளியவளையை அடுத்து அமைந்த ஊர் தண்ணீரூற்று. நிலத்தினின்று இயல்பாய்ச் சுரக்கும் ஊற்றுகளே அதற்கு அப்பெயரை நல்கின. வைகாசி முதல் புரட்டாதி வரை வன்னியில் மழை அரிது. கச்சான் காற்று குளங்களை வற்றச் செய்துவிடும். அக்காலத்தில் எங்கே நீர் எஞ்சியுள்ளதோ அங்கேதான் காடு முழுவதும் கூடும். மனிதனும் மானும் கரடியும் சிறுத்தையும் ஒரே துறையை நாடவேண்டியிருந்தமையால், வன்னியின் வேட்டை வரலாற்றைத் தண்ணீரின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

வேட்டை என்றவுடன் துவக்கின் ஓசையே பலர்க்கும் நினைவு வருகின்றது. ஆயின் வேட்டைக்காரனின் உழைப்பிற் பெரும்பகுதி அதற்கு முன்னரே முடிந்துவிடும். குளம் வற்ற வற்ற, ஈரம் உலராத சேற்றிலே சுவடுகள் பதியும். விளிம்பு கூராய் நிற்பது நேற்றிரவுச் சுவடு. விளிம்பு இடிந்து சருகு விழுந்து கிடப்பது பழையது. மரையின் குளம்பு புள்ளிமானின் குளம்பினும் பெரிது. சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் சுவட்டில் நகக்குறி இராது. நாயின் சுவட்டிலோ இருக்கும். புள்ளிமான் கூட்டம் மந்திகள் மேயும் மரத்தடியை விரும்பும். மேலிருந்து விழும் தளிரும் கனியும் அதற்கு உணவு. உச்சியிலிருந்து மந்தி எழுப்பும் எச்சரிக்கைக் குரல் அதற்குக் காவல். காற்றின் திசை அறியாது காட்டினுள் நடப்பவன் மானைக் காணமாட்டான். மான் அவனை முன்னரே அறிந்து அகன்றுவிடும். எந்த ஏட்டிலும் எழுதப்படாத இப்பாடத்தை மகன் தந்தையின் பின்னே நடந்து கற்றான்.

காட்டிற் புகுமுன் ஒரு கொப்பை முறித்து, வழியோரக் கிளையிலே தொங்கவிட்டு ஐயனாரை வணங்கும் வழக்கமும் இருந்தது. நீர்ப்பாசன அதிகாரியாய்ப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இதனைப் பதிவுசெய்துள்ளார். தமிழர், சிங்களவர் ஆகிய இருசாராரிடமும் இவ்வழக்கம் காணப்பட்டது. மொழி வேறாயினும் காடு தரும் அச்சம் ஒன்றுதானே!

இவ்வறிவு காக்கவும் உதவும், கொல்லவும் உதவும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். அவை யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. அப்பொழுதே வன்னிக்காடு ஒரு பண்டசாலையாகிவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலே மான்தோலும் மான்கொம்பும் பெருந்தொகையாய் ஏற்றுமதியாயின. உண்பதற்கு ஒரு மானைக் கொன்றவன், விற்பதற்கு எத்தனையையும் கொல்லலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. நிலவு எறிக்கும் இரவில், வற்றாது எஞ்சிய ஒரே மடுவின் அருகே பரண்கட்டி அமர்ந்தவனுக்குக் குறி தவறுவது எங்ஙனம்? தாகம் மானைத் தானே கொணர்ந்து நிறுத்திவிடும்.

1894ஆம் ஆண்டில் வேட்டைப் பிராணிகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியோரிற் பலர் தாமே வேட்டையாடிய வெள்ளையர். இதில் நகைப்புக்கும் இடமுண்டு. எனினும் விளைந்த நன்மையை மறுத்தல் தகாது. பின்னர் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. சங்கத்தார்க்கு மான் என்பது விளையாட்டுக்குரிய விலங்கு. சேனைக்காரனுக்கோ ஒரே இரவில் பயிரை அழிக்கும் விலங்கு. கிராமத்தான் குற்றமற்றவன் என்பதன்று. ஆனால், எக்குளத்தில் எத்தனை மான் எஞ்சியுள்ளது என்பதைச் சட்டம் இயற்றியோரினும் நன்கறிந்தவன் அவனே. அவனை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போர் இத்தொடர்ச்சியை அறுத்துவிட்டது. ஊர்கள் பெயர்ந்தன, காட்டுப்பாதைகள் தூர்ந்தன. 2009இல் போர் முடிந்து மக்கள் மீண்டபோது, கண்ணிவெடிக்கு அஞ்சிப் பழைய வேட்டைத்தடங்களிற் கால்வைக்கத் தயங்கினர். இன்று மான்வேட்டை சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது; களவாய் நிகழ்வது முற்றாக ஓயவில்லை. சுவடு படிக்கத் தெரிந்த முதியோரோ அருகிவருகின்றனர்.

ஐப்பசி மழை தொடங்கினால் காட்டின் பள்ளந்தோறும் நீர் தேங்கும், மான்கள் சிதறிவிடும். அதற்கு முன், புரட்டாதி மாதத்து மாலைப்பொழுதிலே, வற்றிய குளத்தின் புற்றரைக்கு அவை மேய வரும். காற்றுக்கு எதிரே, கரையில் அசையாது அமர்ந்திருப்பவன் பிணை எத்தனை, கலை எத்தனை, கன்று எத்தனை என எண்ணி முடித்துவிடலாம்.