மல்லேஸ்வரமும் மழலையர் படநூலும்

மல்லேஸ்வரத்திற்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலில் கி.பி. 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி அக்கோயிலுக்கு ஊர் ஒன்றைக் கொடையளித்த செய்தியை அது கூறுகிறது. பெங்களூரை ஆண்ட அந்த ஏகோஜியே சில ஆண்டுகளில் தஞ்சை சென்று, அங்கு மராட்டிய ஆட்சிக்கு அடிகோலினார். அம்மரபில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், 1806இல், தஞ்சை அரண்மனை அச்சகம் 'பாலபோத முக்தாவளி' என்னும் நூலை வெளியிட்டது. ஈசாப்பின் கதைகளுடைய மராத்தி மொழிபெயர்ப்பு அது. சுற்றிலும் தமிழ் ஒலிக்கும் காவிரி நாட்டில், நாகரி எழுத்தில், பிள்ளைகளுக்கென ஒரு நூல்! குடிபெயர்ந்து நூறாண்டு கடந்த பின்னும் அவர்கள் தம் மொழியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனர்.

அவர்கள் சென்ற வழியே எதிர்த்திசையில் வந்தவர்கள் நாம். 1890களில் திட்டமிட்ட குடியிருப்பாக உருப்பெற்ற மல்லேஸ்வரம், 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் விரைந்து வளர்ந்தது. இங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். பாட்டியின் பேச்சு அவர்களுக்கு விளங்கும். பாட்டியின் கடிதம் விளங்காது. தமிழ் அவர்கட்குச் செவிமொழியே அன்றிக் கண்மொழி ஆகவில்லை.

பெரியவர் எழுத்தைப் படிக்க, சிறுவர் படத்தைப் படிக்க, இருவரும் கூடிப் புரட்டும் படநூலின் அருமை இங்கேதான் தெரிகிறது. 1658இல் நூரம்பர்க் நகரில் கொமேனியஸ் வெளியிட்ட நூலைப் பிள்ளைகளுக்கான படநூல்களின் முன்னோடி என்பர். அதுவும் இலத்தீனையும் ஜெர்மானியத்தையும் அருகருகே வைத்த இருமொழி நூலே.

நம் இலக்கியத்திற்கு இவ்வுறவு புதிதன்று. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். நிலவைச் சுட்டும் விரல், அழைக்கும் குரல், அண்ணாந்து நோக்கும் குழந்தை ஆகிய மூன்றும் அங்கே கூடிவிட்டன. அச்சிட்ட பக்கம் ஒன்றே குறை. அக்குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. 1947 சூலையில் தோன்றிய 'அம்புலிமாமா'வின் ஓவியங்கள் ஒரு தலைமுறையின் கண்ணில் நிலைத்தவை. ஆயினும் அது தானே படிக்கவல்ல சிறுவர்க்கான இதழ். 1970இல் நேஷனல் புக் டிரஸ்ட் தொடங்கிய நேரு பால புத்தகாலய வரிசையும், சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் தமிழ் பேசி வந்த வண்ண நூல்களும் இளையோர் பக்கம் சற்று நெருங்கின. உருசியக் காட்டுக் கரடியை நம் பிள்ளைகள் தமிழிலேயே அறிந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகத்தார், ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் அமைந்த படநூல்களை வெளியிட்டனர். பெங்களூரிலேயே 2004இல் பிறந்தது பிரதம் புக்ஸ். 2015இல் அந்நிறுவனம் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழும் கன்னடமும் உட்படப் பல மொழிகளில் படநூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். மல்லேஸ்வரத்துப் பாட்டி ஒருவர் தம் பேரனுக்காக ஒரு கன்னடக் கதையைத் தமிழாக்க விரும்பினால், இன்று அவரைத் தடுப்பார் இல்லை.

நூல் கிடைத்தாலும் துணையின்றிப் படிப்பது எளிதன்று. கன்னடம் கற்ற குழந்தைக்குக் ககர வரிசையில் நான்கு எழுத்துகள் பழக்கம். தமிழில் ஒன்றே உண்டு. கல், தங்கம், மகன் என்னும் சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதை எழுத்துக் காட்டாது; அருகிருந்து படிப்பவர் குரலே காட்டும். நூலில் 'சென்றாள்' என்றிருக்கும். குழந்தை அறிந்ததோ 'போனா'. அச்சில் உள்ளவாறே ஒருமுறை படித்து, பின் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்வதே தக்க முறை என்பது நம் கருத்து. மொழிபெயர்ப்பாளர் சிலர் நடையை மிக இறுக்கிவிடுவதால் இப்பணி இரட்டிப்பாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரதம் புக்ஸ் நூல்களுள் 'சுசீலாவின் கோலங்கள்' என்பது ஒன்று. கோலமிட இடம் தேடும் சிறுமியின் கதை. மல்லேஸ்வரத்துத் தெருக்களில் காலைதோறும் காணும் காட்சியாதலால் குழந்தைக்குப் படம் உடனே புரிகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டபடி 'ரங்கோலி' என்கிறது. பாட்டி அதே படத்தின்மேல் விரல் வைத்துக் 'கோலம்' என்கிறார்.