9437056: நேச எண் ஒன்றின் வரலாறு

220 என்னும் எண்ணை மீதமின்றி வகுக்கக்கூடிய, அதனினும் சிறிய எண்கள் அனைத்தையும் கூட்டினால் 284 வரும். 284-க்கு அவ்வாறே செய்தால் 220 கிட்டும். கிரேக்கர் அறிந்திருந்த இத்தகைய இணைகளை அரபு அறிஞர்கள் 'அல் அஃதாதுல் முதஹாப்பா', அதாவது ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்றழைத்தனர். அன்பை ஈர்க்கும் தாயத்துகளிலும் இவ்விரு எண்கள் பொறிக்கப்பட்டதை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் குறிப்பிடுகிறார். ஆயினும், நம் பெருமைக்குரியது தாயத்தன்று, நிரூபணமே.

ஹர்ரானில் பிறந்து, பக்தாதில் பணியாற்றி, 901-இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா, இவ்வெண்களைக் கண்டறியும் விதியை முதன்முதலில் நிறுவினார். அவர் முஸ்லிமல்லர், ஸாபியீ சமயத்தவர். அறிவைத் தேடியோருக்கு அப்பாஸியர் ஆட்சி இடமளித்ததற்கு அவரே சான்று.

191, 383, 73727 ஆகிய மூன்றும் பகா எண்கள். முதலிரண்டையும் 128-ஆல் பெருக்கினால் 9363584. மூன்றாவதை 128-ஆல் பெருக்கினால் 9437056. ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம்: 192-ஐ 384-ஆல் பெருக்க 73728; 73727-உடன் ஒன்றைக் கூட்டினாலும் அதே 73728. இச்சமன்பாடே நேசத்தின் இரகசியம். இதனாலேயே இரு எண்களுக்கும் அவற்றையும் சேர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை 18800640 ஆகிறது. அதுவே அவ்விரு எண்களின் கூட்டுத்தொகையும் ஆகும்.

இவ்விதியைப் பின்பற்றி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ 17296, 18416 என்னும் இணையைத் தந்தார். மராக்கிஷின் இப்னுல் பன்னாவும் அதனை அறிந்திருந்தார். 17ஆம் நூற்றாண்டில் ஸஃபவீ பாரசீகத்தைச் சேர்ந்த முஹம்மது பாகிர் யஸ்தீ 9363584, 9437056 இணையை எட்டினார். 73727 பகா எண்ணே என்று கையால் உறுதிசெய்ய, 2 முதல் 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். அப்பொறுமையை எண்ணி வியக்கிறோம்.

ஐரோப்பாவில் 17296, 18416 இணையை 1636-இல் ஃபெர்மாவும், யஸ்தீயின் இணையை 1638-இல் டெகார்ட்டும் அறிவித்தனர். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே அவை வழங்கின. அவர்கள்மீது களவுப் பழி சுமத்துவது நமக்கு அழகன்று. மெய்யான கணிதம் எவரையும் ஒரே முடிவுக்கே இட்டுச்செல்லும். தாபித்தின் ஆய்வை 1852-இல் மேலைநாட்டவருக்கு எடுத்துரைத்தவரும் வோப்கே என்னும் ஜெர்மானிய அறிஞரே. நம் முன்னோரின் ஏடுகளைப் பிறர் திறந்து காட்டும்வரை நாம் காத்திருந்தோம் என்பதே வருந்தத்தக்கது.

தாபித்தின் விதிவழியே நான்காம் இணையைக் கணிப்பொறிகளாலும் இதுவரை கண்டறிய இயலவில்லை. யஸ்தீ கையால் கணக்கிட்டுச் சென்றடைந்த எல்லையே அவ்வழியில் இன்றும் எல்லையாக நிற்கிறது. அம்முன்னோரைப் புகழ்வதோடு நில்லாமல், அவர்தம் ஏடுகளைக் கற்று ஆராய்வதே நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.