உயர்நிலை விளையாட்டு வீரர்களின் உறக்கம்

கடும் பயிற்சியால் களைத்த உடல் படுத்தவுடன் ஆழ்ந்து உறங்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் உயர்நிலை விளையாட்டு வீரர்களிடம் எடுக்கப்பட்ட அளவீடுகள் அதை உறுதிசெய்யவில்லை. பிரிட்டனின் ஒலிம்பிக் வீரர்கள் 47 பேருக்கு, கையசைவைக் கொண்டு உறக்கத்தையும் விழிப்பையும் பிரித்தறியும் அசைவுமானியை மணிக்கட்டில் கட்டி நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படுக்கையில் இருந்தும் சற்றுக் குறைவாகவே உறங்கியது தெரியவந்தது. படுக்கையில் கழிந்த நேரத்தில் உறக்கம் பிடித்த பங்கைக் குறிக்கும் ‘உறக்கத் திறன்’ வீரர்களிடம் ஏறத்தாழ 81 விழுக்காடாகவும் மற்றவர்களிடம் 89 விழுக்காடாகவும் இருந்தது. கண்ணயர்வதற்கு முன்னவர்களுக்குச் சராசரியாக 18 நிமிடமும் பின்னவர்களுக்கு 5 நிமிடமும் ஆயின. இவை நோய் என்று சொல்லத்தக்க அளவுகள் அல்ல.

உறக்கக் குறைவுக்கு வீரரின் கவனக்குறைவைவிட அவருக்கு விதிக்கப்படும் கால அட்டவணையே பெரிய காரணம் எனலாம். 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குத் தயாரான நீச்சல் வீரர்கள் 7 பேரை 14 நாள்கள் கண்காணித்தபோது, காலை 6 மணிப் பயிற்சிக்கு முந்திய இரவுகளில் அவர்கள் சராசரியாக 5.4 மணி நேரமும், ஓய்வு நாள்களுக்கு முந்திய இரவுகளில் 7.1 மணி நேரமும் உறங்கினர். முன்னதாகவே படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் வழக்கமான உறக்க வேளைக்கு முந்திய சில மணி நேரம் உடற்கடிகாரம் விழிப்பையே தாங்கிப் பிடிப்பதால், அந்த அறிவுரை பெரும்பாலும் பலிப்பதில்லை. இரவு ஆட்டங்களிலோ விளக்கொளியும் ஆட்டத்தின் கிளர்ச்சியும் உறக்கத்தைத் தள்ளிப்போட, பாதி அளவு வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும் காஃபீனும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. நீண்ட விமானப் பயணங்களில், மனித உடற்கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது என்பதால், மேற்கு நோக்கிச் செல்வதைவிடக் கிழக்கு நோக்கிச் செல்வது கடினமாகிறது.

கூடுதல் உறக்கத்தின் பயனுக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வாகும். நாளுக்கு 10 மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி 5 முதல் 7 வாரங்கள் பழக்கிய பின், அவர்களது விரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடியாகக் குறைந்தது. தடையற்ற எறிதலில் துல்லியம் 9 விழுக்காடு கூடியது. எனினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத இச்சிறு ஆய்வின் முடிவை எல்லா விளையாட்டுகளுக்கும் பொருத்துவது பொருந்தாது.

கால அட்டவணையோ வீரர்களின் உறக்கத்தைக் கருதியே வகுக்கப்படுவதில்லை: வழக்கமாக மாலையில் நடக்கும் ஒலிம்பிக் நீச்சல் இறுதிப் போட்டிகள், 2008இல் பெய்ஜிங்கிலும் 2021இல் டோக்கியோவிலும் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்பக் காலையில் நடத்தப்பட்டன.