தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய் மருத்துவர்



"அறிவியலைத் தமிழில் படித்து என் பிள்ளை என்ன செய்யப் போகிறான்?" தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவரும் இக்கேள்வியைச் செவிமடுக்காமல் இருந்திருக்க முடியாது. 2003ஆம் ஆண்டு நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது இக்கேள்வி எழுந்தது. பின்னர் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்ட போதும் அது ஓயவில்லை. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியதும் மீண்டும் தலைதூக்கியது. இதற்கு விடை தேட முற்படும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒரு தமிழர் அல்லர், அமெரிக்கர். அவர்தாம் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தவர் கிறீன். நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். இவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் மத்தியப் பூங்கா உருவாகப் பெரிதும் உழைத்தவர். தம்பியும் அங்கேயே தொழில் நடத்திப் பேரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். ஆனால் கிறிஸ்தவ சமய நம்பிக்கை அவரை வேறு திசைக்கு அழைத்தது. 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டு, இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவத்தையும் கற்பிக்கத் தொடங்கினார்.

சமயம் பரப்புவதும் அவருடைய நோக்கமே. அதை அவர் மறைக்கவில்லை. சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்நோக்கத்தில் உடன்பாடு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும், ஒருவரது நம்பிக்கை அவரை எத்தகைய உழைப்பிற்கு இட்டுச் சென்றது என்பதை மதிக்காமல் இருக்க இயலாது. தம் மாணவர்கள் கிறிஸ்தவர்களானாலும் உடையிலும் உணவிலும் வாழ்முறையிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மேனாட்டாரைப் போல் நடப்பதே நாகரிகம் என எண்ணப்பட்ட காலத்தில் இது அரிய குணமன்றோ?

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். ஆனால் ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நகரங்களையும் நாடிச் செல்வதைக் கண்டார். கிராமத்து நோயாளியோ மருத்துவரின்றித் தவித்தான். தமிழில் பயின்றவன் தன் மக்களிடையே தங்குவான்; நோயின் காரணத்தை அவர்களுக்கு விளங்கும்படி சொல்வான் எனக் கருதிய கிறீன், 1864இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அன்றைக்கு இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை எண்ணிப் பாருங்கள்!

துணிவு மட்டும் போதுமா? பாடநூல் வேண்டாமா? தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. முதலாவது அறுவை மருத்துவம், இரண்டாவது உடற்கூறு, மூன்றாவது வேதியியல். இத்தலைப்புகளே அவர் கையாண்ட வழியைக் காட்டுகின்றன. மக்கள் வழங்கிய சொல்லையும் வடமொழிச் சொல்லையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றினார். இன்று நாம் வேதியியல் என்று எளிதாகச் சொல்கிறோம். சொல் முழுமை பெறும்வரை பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று தொடங்கிய இத்தகையோரின் வழியில்தான் நாம் இங்கு வந்து சேர்ந்தோம்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். உடலியலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பட்டமும் பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தபோது தமிழ் வகுப்பு எவ்வாறு தழைக்கும்? ஒரு மொழியில் நூல்கள் இருந்தால் மட்டும் போதாது, அம்மொழியில் கற்றவனுக்குச் சமுதாயத்தில் மதிப்பும் இருக்க வேண்டும். பெற்றோர்களின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாததும் இதனால்தான்.

ஆனால் கல்வியின் பயன் உத்தியோகம் மட்டும்தானா? என் தாயாருக்குப் பல்லாண்டுகளாக இனிப்பு நீர். ஒருமுறை மருத்துவமனையிலிருந்து வந்தபின், சிறுநீரகத்தைக் காக்க வேண்டும் என்று நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. நான்காம் ஆண்டு படித்த என் மகள்தான், இரத்தத்திலுள்ள கழிவைச் சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதைத் தேநீர் வடிகட்டியைக் காட்டிப் பாட்டிக்குத் தமிழில் விளக்கினாள். அன்றுமுதல் என் தாயார் மருந்தைத் தவறவிடுவதில்லை. கிறீன் மானிப்பாயில் வேண்டியதும் இந்தப் பயனைத்தானே?

ஆங்கிலம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் நன்கு கற்கட்டும், மருத்துவர்களாகவும் வரட்டும். அந்நிலையை அடையும்போது, தோட்டத்து மூதாட்டியிடம் அவருடைய நோயை அவருடைய மொழியில் சொல்லும் ஆற்றலும் அவர்களுக்கு இருக்க வேண்டும். அதற்கான சொற்களைத் தருவது தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பே. ஆசிரிய நண்பர்களே, அவ்வகுப்பைச் செம்மையாக நடத்துவோம். பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று அறிவியலில் என்ன படித்தாய்? பாட்டிக்குச் சொல்" என்று கேளுங்கள்.