சீட்டும் முகமும்



நான் சிறுவனாக இருந்தபோது கடமலைக்குண்டில் திருவிழா இரவுகளில் பெரியவர்கள் ரம்மி ஆடுவார்கள். என் தாய்மாமா தன் சீட்டைவிட எதிராளியின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். "போடுற சீட்டையும் பாரு, போடத் தயங்குற கையையும் பாரு மாப்ள" என்பார்.

1967-இல் உச்ச நீதிமன்றமும் சத்தியநாராயணா வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. ஆனால், நடத்துபவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்தப் பாதியைப் பலரும் சொல்வதில்லை.

2022-இல் தமிழ்நாடு ஆன்லைன் ரம்மி, போக்கரைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025-இல் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியது.

இதற்கிடையில் என் பழைய மாணவன் ஒருவன் செல்போனில் ஆடி, சேமிப்பு முழுவதையும் இழந்து வந்து நின்றான். "எதிரே ஆடியது யாருப்பா?" என்றேன். "தெரியாது சார்" என்றான்.

வள்ளுவர் குறிப்பறிதலுக்கு 71-ஆம் அதிகாரம் தந்தார். சூதுக்கு 94-ஆம் அதிகாரம். முன்னதில் தேறிய என் மாமாவே பின்னதில் ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டை இழந்தார். முகமே இல்லாத இடத்தில் நீங்கள் யாரைப் படிக்கப் போகிறீர்கள், பிள்ளைகளே?