ஒக்கர்ஸ்: மட்டக்களப்பில் நிலைத்த ஓர் ஒல்லாந்தத் தந்தைபெயர்

ஒக்கர்ஸ் என்பது மட்டக்களப்பு வாவியைச் சூழ வாழும், ஐரோப்பியக் கலப்பு வழிவந்த கத்தோலிக்கப் பறங்கியரிடையே வழங்கும் குடும்பப் பெயர்களில் ஒன்று. ரோமன் எழுத்தில் எழுதும்போது அதன் முடிவில் எஸ், இசட் ஆகிய இரண்டும் சேர்ந்து நிற்கும். அந்த இரண்டு எழுத்துகளில்தான் பெயரின் வரலாறு தொடங்குகிறது. ஒல்லாந்த மொழியில் மகனைக் குறிக்கும் சொல் 'ஸோன்'. ஒக்கர் என்பவரின் மகன் 'ஒக்கர்ஸோன்'. பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் முழுச்சொல்லை எழுத விரும்பாத எழுத்தர்கள் 'எஸ், இசட்' என்று சுருக்கி ஒரு புள்ளி வைத்தார்கள். ஓவியர் ரெம்பிராண்ட்டின் முழுப்பெயரில் வரும் ஹார்மென்ஸ், ஹார்மென் என்ற தந்தையின் பெயரிலிருந்து வந்ததே. கடலோடி ஏபல் டாஸ்மனின் நடுப்பெயர் யான்ஸோன், அவர் யான் என்பவரின் மகன் என்பதைச் சொல்கிறது.

இந்த முறை தமிழருக்குப் புதியதன்று. தந்தையின் பெயரை முன்னால் வைத்தோ, அதன் முதலெழுத்தை மட்டும் வைத்தோ எழுதுவது இன்றும் நம் வழக்கம். தலைமுறை மாறும்போது அந்த முன்னெழுத்தும் மாறிவிடும். 16, 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில் சாதாரண மக்களின் நிலையும் இதுவே. ஒக்கரின் மகன் பீட்டர் 'பீட்டர் ஒக்கர்ஸ்' ஆவார். பீட்டரின் மகனோ 'பீட்டர்ஸ்' ஆகிவிடுவார். நகரத்துச் செல்வரும் நிலவுடைமையாளரும் நிலையான குடும்பப் பெயர் வைத்திருந்தார்கள். மாலுமி, தச்சர், படைவீரர், உழவர் ஆகியோரில் பலருக்கு அது இல்லை. நெதர்லாந்து பிரான்சுடன் இணைக்கப்பட்டிருந்த காலத்தில், 1811ஆம் ஆண்டு நெப்போலியன் பிறப்பித்த ஆணைதான் எல்லோரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அப்போது இலங்கை ஒல்லாந்தர் கையைவிட்டுப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே ஒக்கர்ஸ் இங்கே நிலைத்த பெயரானதற்கு அந்த ஆணை காரணமில்லை.

ஒக்கர் என்ற ஆண்பெயர் நெதர்லாந்தின் தென்மேற்குப் பகுதிகளில் வழங்கியது. டோர்ட்ரெக்ட் நகரத்து அரசியலாளர் ஒக்கர் ரெபலார் வான் டிரியல் (1759–1832) அதைத் தாங்கியவர்களில் அறியப்பட்ட ஒருவர். அந்தப் பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் பல வடிவங்களில் பரவின. ஒல்லாந்தப் பாதிரியாரும் அரசியல் எழுத்தாளருமான வில்லெம் ஒக்கெர்ஸ (1760–1826) பெயரில் ஈற்றில் ஓர் உயிரொலி தங்கியது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வட்டாரத்தில் அது 'ஒக்கர்ஸ்' என்று எஸ் எழுத்தோடு முடிந்தது. 1955இல் உலக மிதிவண்டிப் பந்தயத்தில் வென்ற ஸ்டான் ஒக்கர்ஸ் அந்த வகையினர். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 'ஒக்கெர்ஸ்' குடும்பப் பெயராகவும் 'ஒக்கெர்ட்' ஆண்களுக்கு இடும் பெயராகவும் வாழ்கின்றன. எழுத்தரின் பழைய சுருக்கமான இசட் இலங்கையில் அப்படியே தங்கிவிட்டது. புள்ளி மட்டும் உதிர்ந்தது. யான்ஸ், மார்ட்டென்ஸ், பீட்டர்ஸ் போன்ற இலங்கைப் பறங்கிப் பெயர்களும் அதே எழுத்தோடு முடிகின்றன. ஒல்லாந்தில் பிற்காலத்தில் பல பெயர்கள் உருமாறின. அந்த மாற்றம் எட்டாத இடத்தில் 17ஆம் நூற்றாண்டின் கையெழுத்து வழக்கு அப்படியே பிழைத்திருக்கிறது.

பெயர் வந்த பாதை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பாதை. மட்டக்களப்புடன் ஒல்லாந்தருக்கு இருந்த தொடர்பு இலங்கையின் வேறெந்த ஊரையும்விட முந்தியது. 1602ஆம் ஆண்டு யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் கப்பல்களோடு இங்கே வந்திறங்கி, இங்கிருந்தே கண்டி அரசனைக் காணச் சென்றார். அப்போது கோட்டை எதுவுமில்லை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த முதல் கோட்டை அதுவே. 1643இல் அரசனிடம் திருப்பிக் கொடுத்து, 1668இல் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். அதன்பின் 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை அது கம்பனியின் சிறிய காவல்தளமாக இருந்தது. வாவி வழியாக நெல்லும் உப்பும் போய்வந்த இடம் அது. கொழும்பு, காலி போன்ற பெருநகரமாக அது ஒருபோதும் ஆகவில்லை.

அந்தச் சிறுமைதான் இங்குள்ள பறங்கியர் வரலாற்றை வேறு திசையில் கொண்டுபோனது. கம்பனி ஐரோப்பாவிலிருந்து பெண்களை மிக அரிதாகவே கப்பலேற்றியது. படைவீரரும் கைவினைஞரும் இங்கேயே மணந்தார்கள். மணமகள் பெரும்பாலும் போர்த்துக்கேயரின் வழிவந்த கலப்புக் குடும்பத்துப் பெண். போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசுபவள், இரகசியமாகவேனும் கத்தோலிக்க வழிபாட்டைக் கைவிடாதவள். 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கம்பனி அறிவித்தது. போர்த்துக்கேய மொழியை ஒழிக்கவும் ஆணைகள் பிறந்தன. இரண்டும் தோற்றன. கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்து, கிழக்கு வரை நடந்து மந்தையைத் திரட்டினார். மொழியின் விஷயத்தில் தோல்வி இன்னும் முழுமையானது. கம்பனி ஊழியரின் வீடுகளிலேயே தாயும் பணிப்பெண்ணும் போர்த்துக்கேயம் பேச, பிள்ளைகள் அதைத்தான் முதல்மொழியாகக் கற்றார்கள்.

இதன் விளைவாகத்தான் ஒக்கர்ஸ் என்று ஒல்லாந்தப் பெயர் தாங்கியவர்கள் போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசும் கத்தோலிக்கராக இருக்கிறார்கள். பெயர் தந்தையோடு வந்தது, மொழியும் சமயமும் தாயோடு வந்தன. பறங்கியரை 'ஒல்லாந்தப் பறங்கியர்', 'போர்த்துக்கேயப் பறங்கியர்' என்று இரண்டாக வகுக்கும் பழைய வழக்கம் இங்கே உடைந்துபோகிறது. மட்டக்களப்பில் ரொசைரோ, அந்திராடோ என்ற போர்த்துக்கேயப் பெயர்களும் ஒக்கர்ஸ், அவுட்ஸ்கோர்ன் என்ற ஒல்லாந்தப் பெயர்களும் பார்த்தெலொட் என்ற பிரெஞ்சுச் சாயல் கொண்ட பெயரும் ஒரே தேவாலயப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருக்கும். அவர்கள் ஒரே சமூகத்தார், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இரத்தவழியைக் கணக்கிட்டால் பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. குடும்பப் பெயர் அவற்றுள் ஒன்றை மட்டும் காட்டுகிறது.

அந்த ஒன்றையும் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஐரோப்பியப் பெயர்கள் பிறப்பால் மட்டும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானத்தின்போதும் அடிமை விடுதலையின்போதும் ஞானத்தந்தை வழியாகவும் அவை கைமாறின. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றிய ஹென்ரிக் பிலிப்ஸ் சிங்களவர். அவர் பெயரும் அதே 'எஸ், இசட்' ஈற்றோடுதான் எழுதப்படுகிறது. பெயரின் ஈறு மட்டும் ஒருவரின் பிறப்புக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தந்தைபெயர் எப்படிக் குடும்பப் பெயராக இறுகியது? கம்பனி எல்லாவற்றையும் எழுதிவைத்தது. ஊழியர் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, பள்ளித் தோம்பு (பதிவேடு) என்று ஏடுகள் பெருகின. ஐரோப்பியரின் வழிவந்தவர் என்று காட்டினால் கம்பனி வேலையோ சுதந்திரக் குடியுரிமையோ கிடைக்கும் நிலையில், தந்தையின் தந்தைபெயரை விடாமல் பிடித்துக்கொள்வது பயனுள்ளதாக இருந்தது. ஒல்லாந்தில் தலைமுறைதோறும் மாறிக்கொண்டிருந்த பெயர் இங்கே அடையாளச் சீட்டாகிவிட்டது. ஆங்கிலேயர் காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவு அதை மேலும் உறுதியாக்கியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்புப் பறங்கியர் விரைவில் ஆங்கிலத்துக்கு மாறி எழுத்தர், வழக்கறிஞர், மருத்துவர் பதவிகளைப் பிடித்தார்கள். 1908இல் அவர்கள் அமைத்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் ஆண்வழியில் ஐரோப்பிய மூதாதையைக் காட்டக்கூடியவரையே உறுப்பினராக ஏற்றது. அதன் சஞ்சிகை குடும்பவழிப் பட்டியல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. மட்டக்களப்பிலோ பறங்கியர் தச்சர், கொல்லர், சப்பாத்து தைப்பவர், இயந்திரம் திருத்துபவர் என்று கைத்தொழிலில் நின்றார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒல்லாந்தப் பறங்கியரையும் போர்த்துக்கேய 'மெக்கானிக்' குடும்பங்களையும் எதிரெதிராக நிறுத்தினார். கொழும்புக்காரர் ஏளனமாகப் பயன்படுத்திய அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது உண்மையான தொழில்திறமை. வாவிக்கரை ஊர்களில் துப்பாக்கியும் தையல் இயந்திரமும் பழுதானால் பறங்கியரைத்தான் தேடிப்போவார்கள். 1927இல் மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் தோன்றியது. கொழும்புச் சங்கத்தைப் போல வம்சாவளி கேட்காமல், சமயமும் மொழியும் தொழிலும் ஒன்றாயிருந்தவர்களை அது சேர்த்தது. ஒக்கர்ஸ் குடும்பத்தாரும் அதில் பொறுப்பேற்றுப் பணியாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பப் பெயர்களின் தனித்தன்மை அயலாரோடு ஒப்பிடும்போதுதான் முழுமையாகப் புரியும். மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் 'குடி' என்ற பிரிவைத் தாய்வழியில் எண்ணுகிறார்கள். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி போன்றவற்றுள் ஒன்றைச் சேர்ந்த பெண்ணின் பிள்ளைகள் எல்லோரும் அதே குடியினர். தந்தையின் குடி வேறாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே குடிக்குள் மணமில்லை. கோயில் திருவிழாவின் நாள்கள் குடிவாரியாகப் பங்கிடப்படும். பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவாரியாக வரும். ஆனால் குடியின் பெயர் பள்ளிச் சேர்க்கை இடாப்பில் ஏறுவதில்லை, அங்கே தந்தையின் முன்னெழுத்தே நிற்கும். தாய்வழிப் பெயரை ஊர் நினைவிலும் தந்தைபெயரைத் தாளிலும் வைத்திருக்கும் மக்களுக்கு நடுவே, நூற்றாண்டுகளாக மாறாத தந்தைவழிப் பெயரோடு வாழ்ந்தவர்கள் பறங்கியர் மட்டுமே.

தந்தைவழிப் பெயர் சிறிய சமூகத்தில் எளிதில் அருகிவிடும். மகள்மாரே பிறந்த வீட்டில் பெயர் நின்றுபோகிறது. பிரான்சிஸ் கால்டன் 1873இல் இதைக் கணக்கியல் கேள்வியாக எழுப்ப, ஹென்றி வாட்சன் தீர்வு கண்டார். மக்கள்தொகை அப்படியே இருந்தாலும் பெயர்களின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை குறையும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது. மட்டக்களப்புப் பறங்கியரிடம் இன்று ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் புலம்பெயர்வு. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் ஆங்கிலம் அறிந்த கொழும்புப் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். மட்டக்களப்பிலிருந்து அந்த அலையில் போனவர் குறைவு. கப்பற் செலவும் ஆங்கிலக் கல்வியும் கைவினைஞருக்கு எட்டவில்லை. பின்னர் உள்நாட்டுப் போர்க்காலம் அவர்களையும் வெளியே தள்ளியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்லடிக்கு அருகே கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த டச்பார் குடியிருப்பை அடித்துச் சென்றது. பறங்கியர் பலர் ஒரே காலையில் மாண்டார்கள், பிழைத்தவர்கள் உள்ளே தள்ளிய இடங்களில் குடியேறினார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்துப் பறங்கியர் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நாடு முழுவதும் நாற்பதாயிரத்துக்குள்.

மொழியைப் பற்றிய ஆய்வு பெயர்களையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. 1970களில் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் இக்கலப்புமொழியை ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தும், வினைச்சொல் இறுதியில் வருவதிலும் வேற்றுமைக் குறிகளிலும் வாக்கிய அமைப்பு தமிழ்போல மாறியிருப்பதை அவர் விளக்கினார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோ தலைமையிலான குழு பேச்சையும் பறங்கியரின் ஆடலிசையான கபிரிஞ்ஞாவின் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து சேமித்தது.

இன்று ஒக்கர்ஸ் பெயர் மட்டக்களப்பில் நிலைத்திருப்பதோடு, இலங்கைப் பறங்கியர் குடியேறிய அவுஸ்திரேலியாவிலும் வழங்குகிறது. மட்டக்களப்பில் தமிழரோடு மணவுறவு கூடியுள்ளது. பறங்கிப் பெண் தமிழரை மணந்தால் பிள்ளைகள் தந்தையின் முன்னெழுத்தை எடுப்பதால் குடும்பப் பெயர் அந்தக் கிளையில் முடிந்துவிடுகிறது. பறங்கி ஆண் தமிழ்ப் பெண்ணை மணந்தால் பெயர் தொடர்கிறது. வீட்டுமொழி பெரும்பாலும் தமிழாகிவிடுகிறது. அப்போது குழந்தை தந்தையிடமிருந்து ஒல்லாந்தப் பெயரையும், தாயிடமிருந்து தமிழையும், தாய்வீட்டு ஊர்வழக்கில் ஒரு குடியையும் பெறுகிறது.